1863-இல் கட்டிய ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ இன்றும் அதே கப்பல்தானா?

கேள்வி: பிப்ரவரி 4, 2024

சான் டியேகோ போயிருந்தபோது துறைமுகத்தில் நிற்கும் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’வில் ஏறிப் பார்த்தோம். 1863-இல் கட்டிய சரக்குக் கப்பலாம். இன்றைக்கும் பாய் விரித்து ஓடுகிற கப்பல்களில் உலகத்திலேயே பழையதாம். ஆனால் பாய் புதுசு, கயிறு புதுசு, பாய்மரத்தின் மேல்பகுதிகூட இடையில் ஒரு காலத்தில் வெட்டி மறுபடி வைத்ததுதான் என்கிறார்கள். அப்புறம் எப்படி அது 1863 கப்பல்? பெயரில் இந்தியா இருக்கிறதே, நம் பக்கத்துக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, இல்லை அழகுக்கு வைத்த பெயரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பிப்ரவரி 4, இரவு

அதே கப்பல்தான். பாயையும் கயிற்றையும் வைத்து ஒரு கப்பலின் வயதைச் சொல்லக் கூடாது. அவை கிழிவதற்கும் அறுவதற்கும் மாற்றுவதற்கும் என்றே இருப்பவை. கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே பாய் தைப்பதற்கென்று கப்பலில் தனியாக ஆள் இருப்பார். உடல்தான் கப்பல். இந்த உடல் 1863 நவம்பர் 14 அன்று, ஐல் ஆஃப் மேன் தீவில் ராம்சி என்ற சின்ன ஊரில் தண்ணீரில் இறங்கியது. அன்று ஆணி அறைந்து சேர்த்த இரும்புத் தகடுகள்தான் இன்றும் கடல்தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. உடல், அறைகள், உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாமே ஏறக்குறைய அசல். மீட்டெடுத்த பழைய கப்பல்களில் இப்படிச் சொல்லக்கூடியவை மிகக் குறைவு.

நம் பக்கத்துச் சம்பந்தம் உண்டு. மதராஸ் கடலிலும் திருகோணமலையிலும் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

முதலில் அதன் பெயர் யூட்டர்ப்பி. கிரேக்கர்களின் இசைத் தேவதை பெயர். லிவர்பூல் வணிகர்களுக்காகக் கட்டியது. பெரும்பாலான கப்பல்கள் மரத்திலேயே கட்டப்பட்ட காலத்தில் இதை இரும்பில் கட்டினார்கள். மேல்தள நீளம் 62 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், அகலம் பத்தரை மீட்டர் சொச்சம். மூன்று பாய்மரம், மூன்றிலும் குறுக்குப் பருமல்கள் (பாயைக் கட்டித் தொங்கவிடும் குறுக்கு மரங்கள்), சதுரப் பாய்கள். எஞ்சின் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. இதைக் கேட்டதும் வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை நின்றுவிடுவார்கள்.

முதல் பயணமே சரியாக அமையவில்லை. 1864 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. வேல்ஸ் கரையோரமாகப் போகும்போது, விளக்குப் போடாமல் வந்த ஒரு ஸ்பானியக் கப்பல் மோதி, அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், நீட்டிக்கொண்டிருந்த மரம் முறிந்துபோனது. மேலே கயிறுகளும் நாசம். இந்த நிலையில் மேற்கொண்டு வர முடியாது என்று மாலுமிகள் மறுத்துவிட்டார்கள். கப்பல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக்குத் திரும்பியது. மாலுமிகளில் 17 பேரை அங்கே போமாரிஸ் சிறையில் கடுங்காவலில் போட்டார்கள்.

எனக்கு அந்த 17 பேர் பக்கம்தான் மனம் போகிறது. ஜனவரி மாதம், வட அட்லாண்டிக் குளிர், முறிந்த மரத்தோடு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வா என்றால் யார் போவார்கள்? அன்றைய சட்டத்தில் மாலுமி வேலையை விட்டு நிற்பதே குற்றம். பழுது பார்த்தபின் புது ஆட்களோடு கல்கத்தா போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரி 6

இனி மதராஸ்.

1865, இரண்டாவது பயணம். வங்காள விரிகுடாவில், மதராஸுக்கு அப்பால், புயல் பிடித்துக்கொண்டது. கேப்டன் வில்லியம் ஸ்டோரி பாய்மரங்களை வெட்டச் சொன்னார்.

இது எவ்வளவு பெரிய முடிவு என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பாய்மரம்தான் அந்தக் கப்பலுக்கு எஞ்சின். அதை வெட்டினால் நடுக்கடலில் வெறும் பெட்டியாக மிதக்க வேண்டியதுதான். ஆனால் புயலில் பாய்களையெல்லாம் சுருட்டிக் கட்டினாலும், மரமும் பருமலும் நூற்றுக்கணக்கான கயிறுகளும் காற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். காற்று கப்பலை ஒரு பக்கமாகச் சாய்க்கும். சாய்ந்தபின் மேலே இருக்கிற பாரமே அதை நிமிரவிடாமல் அழுத்தும். சரக்கு அறைக்குள் மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்தால் கதை முடிந்தது.

பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் தடித்த கயிறுகள் கப்பலின் ஓரத்தில் வந்து முடியும். அங்கே மூன்று துளை போட்ட உருண்டைக் கட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். அவற்றுக்குள் தார் பூசிய சணல் கயிறு மாறி மாறி ஓடும். கோடாலியால் வெட்டுகிற இடம் அதுதான். காற்று வருகிற பக்கத்துக் கயிறுகளை வெட்டினால் மரம் மறுபக்கமாக முறிந்து கடலில் விழும். அதோடு முடியாது. விழுந்த மரம் மறுபக்கத்துக் கயிறுகளில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் கப்பலின் விலாவில் வந்து இடிக்கும். உடனே அந்தக் கயிறுகளையும் வெட்டிக் கழற்றிவிட வேண்டும். தளம் முழுக்கத் தண்ணீர் புரள, ராத்திரி இருட்டில்கூட, இதை மனிதக் கைகள்தான் செய்தாக வேண்டும்.

அப்புறம், மீந்த துண்டுகளைக் கட்டித் தற்காலிகமாக ஒரு மரத்தை நிறுத்தி, கிடைத்த பாயைப் போட்டு ஊர்ந்து போவார்கள். யூட்டர்ப்பி அப்படித்தான் திருகோணமலைக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து பழுது பார்க்கக் கல்கத்தாவுக்குப் போனது. ஊர் திரும்பும் வழியில் கேப்டன் ஸ்டோரி இறந்துபோனார். கடலிலேயே அடக்கம் செய்தார்கள்.

கேள்வி கேட்டவருக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. பாய்மரம் மாறினால் கப்பலும் மாறிவிட்டது என்றால், இந்தக் கப்பல் தன் இரண்டாவது வயதிலேயே வேறு கப்பலாகியிருக்க வேண்டும். உடலைக் காப்பாற்ற மரத்தைக் கொடுத்தார்கள். எது கப்பல் என்று அதில் இருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பிப்ரவரி 7

மதராஸ் பக்கத்திலேயே ஒதுங்காமல் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1865-இல் மதராஸில் துறைமுகமே இல்லை. திறந்த கடல்தான். கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலாப் படகில்தான் அலை தாண்டிக் கரைக்கு வர வேண்டும். புயல் வருகிறதென்றால் நிற்கிற கப்பல்களும் ஆழ்கடலுக்கு ஓட வேண்டியதுதான் வழக்கம். கரைப் பக்கம் ஒதுங்கினால் மணலில் தள்ளிவிடும். செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை 1870-களில்தான் ஆரம்பித்தது, அதையும் 1881 புயல் வந்து உடைத்துப் போட்டது. இந்தக் கரையில் புயலுக்கு மூடிய, ஆழமான இயற்கைத் துறைமுகம் என்றால் திருகோணமலைதான். பிரிட்டிஷ் கடற்படையே அங்கே தளம் வைத்திருந்தது. மரம் முறிந்த கப்பலுக்கு அதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது.

பிப்ரவரி 7, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் பெரியப்பா தூத்துக்குடியில் தோணித் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். கொழும்புக்குக் கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிப் போவார்கள். காற்று கெட்டால் முதலில் பாயை இறக்குவோம், அப்புறம் மூட்டைகளைக் கடலில் தள்ளுவோம், மரத்தில் கை வைப்பது கடைசி என்பார். மூட்டையைத் தள்ளிவிட்டுக் கரைக்கு வந்தபின் முதலாளியிடம் நிற்க வேண்டியதைத்தான் அவர் புயலைவிட அதிகமாகச் சொல்லுவார். யூட்டர்ப்பியின் கேப்டனைப் பற்றிப் படிக்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது. கோடாலியை எடுக்கச் சொன்ன அந்த நேரத்தில், லிவர்பூல் முதலாளிக்கு என்ன கணக்குச் சொல்வது என்பதும் அவர் தலையில் ஓடியிருக்கும்.

பிப்ரவரி 9

“திருகோணமலை என்ற பெயரிலேயே ஒரு பழைய பாய்க்கப்பல் இங்கிலாந்தில் நிற்கிறதே, அதுவா இது?”

இல்லை. அது போர்க்கப்பல். பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி 1817-இல் இறக்கிய கப்பல். இப்போது வட இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில், அருமையாகச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். நம் மேற்குக் கரைத் தேக்கு இருநூறு வருஷம் தாங்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அது இனி கடலில் ஓடாது. வாய்ப்பிருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்று இந்தியாவில் கட்டி இங்கிலாந்தில் நிற்கிறது. மற்றது பிரிட்டிஷ் தீவு ஒன்றில் கட்டி, இந்தியாவுக்கு ஓடி, கலிபோர்னியாவில் நிற்கிறது.

பிப்ரவரி 11

கல்கத்தாவுக்கு அதன்பின் இன்னும் நாலு பயணம் போனது. சணல் ஏற்றும் வேலை. 1871-இல் ஷா சேவில் கம்பெனி வாங்கியதும் பாதை முழுக்க மாறியது. அடுத்த 25 வருஷம் நியூசிலாந்துக்குக் குடியேறுகிறவர்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போனது. மொத்தம் 21 தடவை உலகத்தைச் சுற்றியிருக்கிறது. போகும்போது நன்னம்பிக்கை முனை, திரும்பும்போது தென் அமெரிக்காவின் ஹார்ன் முனை. தென்கடலில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிப்பதால் அந்த வட்டம்தான் பாய்க்கப்பலுக்கு வசதி.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் வர ஆரம்பித்தன. செங்கடலின் காற்று பாய்க்கப்பலுக்கு ஒத்துவராது, அது பழையபடி ஆப்பிரிக்காவைச் சுற்றியே வர வேண்டும். நியூசிலாந்து வரை போகிற நீண்ட வழியிலோ நீராவிக் கப்பலுக்கு நிலக்கரியே பெரிய செலவு. அதனால் அங்கே பாய்க்கப்பலுக்கு இன்னும் பல வருஷம் வேலை இருந்தது.

நியூசிலாந்து போகும் பயணங்களில் விரைவானது 100 நாள், நீண்டது 143 நாள். நாலரை மாதத்துக்கும் மேல். கீழ்த்தளத்துக்குப் போனால் அந்தப் படுக்கைகளைப் பார்க்கலாம். மரப்பலகையில் இரண்டடுக்காக, ஒரு குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. நான் முதல் தடவை இறங்கியபோது ஒரு படுக்கையில் கொஞ்சம் சாய்ந்து பார்த்தேன், கால் நீட்ட முடியவில்லை. மேல் படுக்கைக்கும் கூரைக்கும் நடுவில் எழுந்து உட்காரவும் இடம் இல்லை. புயல் நாட்களில் மேலே உள்ள மூடிகளை அடைத்துவிடுவார்கள். உப்புக் கண்டமும் கல் மாதிரி ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டு, குழந்தைகளோடு, வாந்தி நாற்றத்தோடு நூறு நாள். ஊரில் நிலமில்லாதவன், வேலையில்லாதவன் தவிர யார் இதற்குத் துணிவார்கள்?

பிப்ரவரி 12

கிளிப்பர் வகைக் கப்பலா என்று கேட்டவருக்கு: இல்லை. வேகத்துக்காகக் கட்டியது அல்ல. நிறைய ஏற்றுவதற்காகக் கட்டியது. அணியம் மொத்தையாக இருக்கும். தேயிலைப் பந்தயத்தில் பேர் வாங்கிய கட்டி சார்க் 1869-இல் கட்டியது. அது இப்போது கிரீனிச்சில் உலர்துறையில் நிற்கிறது, 2007-இல் தீப்பிடித்தபின் பெரும் செலவில் சரிசெய்தார்கள். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் சணலும் ஆட்களும் நிலக்கரியும் மரமும் மீன் டப்பாவும் சுமந்த கப்பலைப் பற்றி எழுத யாரும் வரமாட்டார்கள். உலகத்தின் சரக்கில் பெரும்பகுதியை ஏற்றியது இப்படிப்பட்ட மெதுவான கப்பல்கள்தான்.

பிப்ரவரி 17

பெயர் விஷயம்.

1890-களின் கடைசியில் அதை ஹவாய்க்காரர்கள் வாங்கினார்கள். பசிபிக்கில் மரமும் நிலக்கரியும் சர்க்கரையும் ஏற்றியது. 1901-இல் அலாஸ்கா பேக்கர்ஸ் அசோசியேஷன் என்ற சான் பிரான்சிஸ்கோ கம்பெனி வாங்கியது. சால்மன் மீனை டப்பாவில் அடைக்கும் தொழில். ஒவ்வொரு வசந்தகாலத்திலும் மீனவர்கள், டப்பாத் தொழிலாளர்கள், நிலக்கரி, தகரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பெரிங் கடலுக்குப் போகும். கோடை முழுக்க அங்கே நங்கூரம் போட்டு நிற்கும். இலையுதிர் காலத்தில் மீன் டப்பாக்களோடு திரும்பும். மாசக்கணக்கில் சும்மா நிற்கிற வேலைக்கு நீராவிக் கப்பல் வைத்தால் கட்டுபடி ஆகாது. மலிவாகக் கிடைத்த பழைய பாய்க்கப்பல்கள்தான் அதற்குச் சரி.

அந்தக் கம்பெனியிடம் பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த சில கப்பல்கள் ஏற்கெனவே இருந்தன: ஸ்டார் ஆஃப் ரஷ்யா, ஸ்டார் ஆஃப் இத்தாலி, ஸ்டார் ஆஃப் பிரான்ஸ், ஸ்டார் ஆஃப் பெங்கால். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொண்டுவர, 1906-இல் யூட்டர்ப்பியும் ஸ்டார் ஆஃப் இந்தியா ஆனது. சான் பிரான்சிஸ்கோவில் இன்று பார்க்கிற பால்குளூதா கப்பலும் அதே வரிசையில் ஸ்டார் ஆஃப் அலாஸ்காவாக இருந்ததுதான். ஆக, இந்தியாவுக்கு ஓடிய காலத்தில் பெயரில் இந்தியா இல்லை. பெயர் வந்தபின் இந்தியாப் பக்கமே போகவில்லை.

உருவமும் அந்தக் கம்பெனி வாங்கியபின்தான் மாறியது. கடைசிப் பாய்மரத்திலிருந்த குறுக்குப் பருமல்களை எடுத்துவிட்டு, நீளவாட்டுப் பாய் மட்டும் வைத்தார்கள். குறைந்த ஆட்களை வைத்து ஓட்டலாம் என்பதற்காக. நீங்கள் இன்று பார்க்கும் உருவம் அதுதான். யூட்டர்ப்பி காலத்து உருவத்துக்கே திருப்பியிருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மீன் டப்பா காலமும் அதன் வாழ்க்கைதான், அதை அழித்துவிட்டு இளமைக்குத் திருப்புவது எதற்கு?

பிப்ரவரி 18

நேற்று எழுதியதோடு இதைச் சேர்த்தே படியுங்கள். அலாஸ்கா ஓட்டத்தில் டப்பாத் தொழிலாளர்கள் பெரும்பாலும் சீனர்கள், அப்புறம் ஜப்பானியர், பிலிப்பினோக்கள், மெக்சிகோக்காரர்கள். கங்காணி மாதிரி ஓர் ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள். மீனவர்களுக்கு ஓர் இடம், இவர்களுக்குக் கீழே வேறு இடம். சாப்பாடும் வேறு. 1908-இல் ஸ்டார் ஆஃப் பெங்கால் அலாஸ்காவில் கொரோனேஷன் தீவுப் பாறையில் மோதி உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர்கள். அதே வரிசைக் கப்பல், அதே வேலை, அதே மாதிரி இரும்பு உடல். ஸ்டார் ஆஃப் இந்தியா தப்பியது என்றால் அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு காற்றுதான் வித்தியாசம்.

தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கதை தெரிந்த நம் வீடுகளில் இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கப்பலின் கீழ்த்தளத்தில் நிற்கும்போது நான் நியூசிலாந்துக் குடும்பங்களை மட்டும் நினைப்பதில்லை.

பிப்ரவரி 25

1923-இல், 22 அலாஸ்கா பயணங்களுக்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஐம்பது வருஷத்துக்கும் மேல் ஓடவே இல்லை. மீட்டெடுத்த கதை என்று எல்லோரும் சொல்வது கடைசிப் பகுதியைத்தான். எனக்கு இந்த நடுப்பகுதிதான் முக்கியம்.

1926-இல் சான் டியேகோ விலங்கியல் சங்கத்துக்காக வாங்கினார்கள். ஜெர்ரி மக்மல்லன் என்ற பத்திரிகையாளர்தான் அதற்கு ஊரைத் தட்டி எழுப்பியவர். மீன்காட்சிசாலையும் அருங்காட்சியகமும் அமைத்து அதன் நடுவில் இந்தக் கப்பலை வைப்பதாக யோசனை. அடுத்த வருஷம் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அதற்குள் பொருளாதார மந்தம் வந்துவிட்டது. யோசனை அப்படியே நின்றது. அப்புறம் இரண்டாம் உலகப் போர். பக்கத்தில் விமானங்கள் ஏறி இறங்குவதால், உயரமான மரங்கள் இடைஞ்சல் என்று மேல்பகுதிகளை வெட்டச் செய்தது கடற்படை. மதராஸ் கடலில் வெட்டியது ஒருமுறை, சான் டியேகோவில் கட்டிப்போட்ட நிலையில் வெட்டியது இன்னொரு முறை.

1950-களில் அது துருவேறி, மரங்கள் குட்டையாகி, ஊரே மறந்துபோன ஒரு மிதக்கும் கூடாக நின்றது. 1957-இல் ஆலன் வில்லியர்ஸ் அந்த ஊருக்குப் பேச வந்தார். இளமையில் பாய்க்கப்பல்களில் வேலை பார்த்து, பின்னால் அதே கப்பல்களைப் பற்றி எழுதியவர், அவர் சொன்னால் ஆட்கள் கேட்பார்கள். கப்பலின் நிலையைப் பார்த்து அவர் வெளிப்படையாகப் பேசியதும் பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன, நிதி திரள ஆரம்பித்தது. முழுதாகச் சரிசெய்து மறுபடி கடலுக்குக் கொண்டுபோக 1976 வரை ஆனது.

மாற்ற ஆளில்லாததும், வாங்க ஆளில்லாததும், நாசம் செய்யப் பணமில்லாததும் சேர்ந்துதான் அதன் அசல் பொருட்களைக் காப்பாற்றின. பணம் இருந்திருந்தால் 1930-களிலேயே உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மீன் தொட்டி வைத்திருப்பார்கள்.

மார்ச் 2

“இரும்பு எப்படி 160 வருஷம் உப்புத்தண்ணீரில் தாங்கும்?” இது நல்ல கேள்வி, இதற்கு நீளமாகவே சொல்ல வேண்டும்.

அது இன்றைய எஃகு அல்ல. அந்தக் காலத்து அடித்துச் செய்த இரும்பு. உலையில் கிளறி எடுத்து, சம்மட்டியில் அடித்து, உருளையில் நீட்டும்போது, உருகிய கசடு மெல்லிய இழைகளாக இரும்புக்குள்ளேயே தங்கிவிடும். உடைத்துப் பார்த்தால் கட்டை மாதிரி நார் நாராகத் தெரியும். அந்தக் கசடு இழைகள் துரு உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும். துரு பிடிக்காது என்பதல்ல, மெதுவாகத்தான் பிடிக்கும்.

நான் சான் டியேகோவுக்குக் குடிவந்த புதிதில், கப்பலில் பராமரிப்பு வேலைக்குத் தன்னார்வலராகக் கொஞ்ச காலம் போய்க்கொண்டிருந்தேன். துரு தட்டுவதுதான் புதியவர்களுக்குக் கொடுக்கும் வேலை. உளி மாதிரி முனை உள்ள சின்னச் சுத்தியல், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். தட்டும்போது நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துரு உள்ள இடம் பொத்தென்று கேட்கும். பழுப்பு நிறத்தில் தகடு தகடாக உதிரும். அதன் கீழே சாம்பல் நிறத்தில் 1863 இரும்பு. அதைத் துடைத்து, அன்றைக்கே அடிப்பூச்சு அடித்துவிட வேண்டும், ராத்திரி பனி பட்டால் மறுநாள் ஆரஞ்சு நிறம் ஏறிவிடும். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற கப்பற்படைக்காரர், ஓர் ஆணித் தலையைக் காட்டி, “இது கொஞ்சம் கோணலாக இருக்கிறது பார், அடித்தவன் இடதுகைக்காரனாக இருப்பான்” என்றார். அப்புறம் அந்த வரிசை முழுக்க விரலால் தடவிப் பார்த்தேன். எல்லா ஆணித் தலையும் ஒரே பக்கமாகத் தட்டையாகியிருந்தன.

கேள்வி கேட்ட நண்பரே, அந்த ஆணிதான் 1863.

மார்ச் 3

ஒருவர் சரியாகச் சுட்டிக்காட்டியிருக்கிறார்: பாஸ்டனில் உள்ள அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷன் 1797-இல் இறங்கியது, 1997-லும் 2012-லும் தன் சொந்தப் பாயில் ஓடியதே, அப்படியிருக்க இது எப்படி மிகப் பழையது?

ஆமாம், அது பழையது. ஆனால் அந்த ஓட்டங்கள் சடங்குக்குக் கொஞ்ச நேரம் என்ற அளவு. அந்த உடலில் முதல் மரம் கொஞ்சம்தான் மிச்சம், மற்றது காலகாலமாக மாற்றியது. ஸ்டார் ஆஃப் இந்தியாவைப் பற்றிச் சொல்வது, பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து, துறைமுகம் தாண்டிப் போய், நாள் முழுக்க உண்மையாகவே பாயில் ஓடும் கப்பல்களில் மிகப் பழையது என்பது. இதே மாதிரி இன்றும் பாயில் ஓடுகிறவை சிட்னியில் உள்ள ஜேம்ஸ் கிரெய்க் (1874), டெக்சஸில் கால்வெஸ்டனில் உள்ள எலிஸ்ஸா (1877). மூன்றும் இரும்பு உடல், மூன்றும் சரக்குக் கப்பல். தாஸ்மேனியாவில் பாதி மூழ்கிக் கிடந்த ஜேம்ஸ் கிரெய்க்கை 1972-இல் மிதக்க வைத்தார்கள். எலிஸ்ஸா கிரேக்க நாட்டில் உடைக்கப் போகிற இடத்தில் அகப்பட்டது. இரண்டையும் பற்றித் தனியாக எழுத ஆசை இருக்கிறது.

மார்ச் 10

ஓடியதைப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள். 1976 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டு, அன்று ஓட்டிக்கொண்டு போனதைக் கரையிலிருந்து லட்சக்கணக்கானோர் பார்த்ததாகச் சொல்வார்கள். அது என் காலத்துக்கு முந்தியது. 2018 நவம்பரில் நான் சான் டியேகோவின் பாயிண்ட் லோமா முனைப் பக்கம் கரையில் நின்று பார்த்தேன்.

எஞ்சின் இல்லாததால் இழுவைப்படகுதான் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுபோகும். வெளியே போனபின் முதலில் நீளவாட்டுப் பாய்கள் ஏறின, அப்புறம் சதுரப் பாய்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து விழுந்து விரிந்தன. பருமல்மேல் ஆட்கள் வரிசையாகக் கால் கயிற்றில் நின்றுகொண்டு, வயிற்றைப் பருமலில் சாய்த்து, பாயின் கட்டுகளை அவிழ்ப்பது தொலைநோக்கியில் நன்றாகத் தெரிந்தது. எல்லோரும் தன்னார்வலர்கள். ஆசிரியர், தச்சர், செவிலியர், கல்லூரி மாணவர். வருஷம் முழுக்கப் பயிற்சிக்கு வந்தவர்களை மட்டும்தான் மேலே ஏற்றுவார்கள்.

இழுவைப்படகின் கயிறு அவிழ்ந்த அந்தக் கணத்தில் கப்பல் நின்றுவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நிற்கவில்லை. அணியத்தின் கீழே வெள்ளை நுரை தெரிந்தது. என் பக்கத்தில் நின்ற என் மகள், “அப்பா, யாரும் அதைத் தள்ளவில்லையே” என்றாள்.

ஏன் வருஷா வருஷம் ஓட்டுவதில்லை என்றால், ஒவ்வொரு தடவையும் உடலைச் சோதிக்க வேண்டும், பாயும் கயிறும் சரிபார்க்க வேண்டும், ஆட்களைப் பழக்க வேண்டும், காற்றும் ஒத்துவர வேண்டும். 2013-இல் 150-ஆவது பிறந்தநாளுக்கு ஓடியது, 2018-இல் ஓடியது, 2023 நவம்பரில் 160-க்கும் ஓடியது. ஓட்டுவது ஆபத்து, அப்படியே கட்டிவைத்துப் பாதுகாக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் ஓட்ட வேண்டும் என்கிற கட்சி. ஓட்டப் போகிறோம் என்ற கட்டாயம் இருப்பதால்தான் ஒவ்வொரு கயிறும் உண்மையான கயிறாக, உண்மையான பாரம் தாங்குவதாக இருக்கிறது. பருமலில் ஏறி முடிச்சுப் போடத் தெரிந்த ஆட்கள் அடுத்த தலைமுறைக்கும் இருக்கிறார்கள். கட்டிவைத்தால் முதலில் போவது அந்த ஆட்கள்தான்.

மார்ச் 16

அடுத்த மாதம் போகிறேன், என்ன பார்ப்பது என்று கேட்டவருக்கு:

மேல்தளத்தில் ஓரத்தில் அந்த மூன்று துளைக் கட்டைகளைத் தேடுங்கள், மதராஸ் புயலில் கோடாலி விழுந்தது அப்படிப்பட்ட இடத்தில்தான். சுக்கான் சக்கரத்தின் பின்னால் நின்று முன்னால் பாருங்கள், ஓட்டுகிறவருக்கு எதிரே எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்பது புரியும். கீழ்த்தளத்தில் குடியேறிகளின் படுக்கை. அதற்கும் கீழே சரக்கு அறைக்கு இறங்கினால் உடலின் உட்புறம் தெரியும், விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டங்களும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விளிம்பும். ஆணி வரிசையைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்களா என்று அங்கே நிற்கும் தன்னார்வலரிடம் கேளுங்கள். பெரியவர்கள் யாராவது இருந்தால் கேள்வி கேளுங்கள், அவர்களுக்குச் சொல்ல ஆசை, கேட்கத்தான் ஆள் இல்லை. படிகள் செங்குத்து, அம்மா அப்பாவைக் கூட்டிப்போனால் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாயங்காலம் கூட்டம் குறையும், அப்போது போவது நல்லது.